மொரிங்காவை எப்படிச் சொல்வது?

லண்டனில் செடி வளர்ப்பவர்களும் மீன் வளர்ப்பவர்களும் கூடுகிற இடங்களில் ஆங்கிலப் பெயர்கள் பாதி தூரம்தான் வரும். பேச்சு கொஞ்சம் சூடு பிடித்ததும் எல்லோரும் லத்தீனுக்குத் தாவிவிடுவார்கள். ஓய்வு பெற்ற தபால்காரரும் பள்ளி ஆசிரியையும் முழ நீளப் பெயர்களைச் சர்வ சாதாரணமாக உதிர்ப்பார்கள். அந்த இடத்தில் நம்மவர்கள் பலர் மௌனமாகிவிடுவதைக் கவனித்திருக்கிறேன். கறிவேப்பிலைக் கன்றை நான்கு குளிர்காலம் தாண்டவைத்தவர், அதை எப்படிச் செய்தார் என்று ஒரு மணி நேரம் பேசக்கூடியவர், பெயர் வரும் இடத்தில் மட்டும் தொட்டியில் செருகிய அட்டையை விரலால் காட்டி "இது" என்பார். பிறகு தனியாகக் கேட்டால், "தப்பாச் சொல்லிட்டா சிரிப்பாங்களே" என்பார்.

இந்தப் பயத்துக்கு ஏதாவது அடிப்படை உண்டா? சுருக்கமான பதில், இல்லை என்பதுதான். நீண்ட பதிலில் முருங்கை, மாங்காய், வெற்றிலை, கொண்டைக்கடலை எல்லாம் வருகின்றன. அதனால் நீண்ட பதிலையே சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

உயிரினங்களுக்குப் பெயரிட உலகப் பொதுவான விதித்தொகுப்புகள் இருக்கின்றன. தாவரங்கள், பாசிகள், பூஞ்சைகளுக்கு ஒன்று; விலங்குகளுக்கு ஒன்று. எந்தப் பெயர் முந்தியது, எந்தப் பெயர் செல்லாது, எந்த விகுதி எங்கே வரவேண்டும் என்றெல்லாம் வக்கீல் நோட்டீஸ் பாணியில் அவை பேசுகின்றன. சொல் எந்த மொழியிலிருந்து வந்திருந்தாலும் அது லத்தீனாகவே நடத்தப்படும் என்று தாவர விதித்தொகுப்பு ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தப் பெயரை வாயால் எப்படிச் சொல்லவேண்டும் என்பதற்கு இரண்டிலும் ஒரு விதிகூடக் கிடையாது.

கணினிக்காரன் கண்ணுக்கு இது ஒருங்குறி மாதிரித் தெரிகிறது. ஒருங்குறியில் 'ழ' என்ற எழுத்துக்கு ஒரு எண் உண்டு. அந்த எண்ணில் யாரும் கைவைக்க முடியாது. ஆனால் வாழைப்பழத்தை ஒருவர் 'வாளப்பளம்' என்கிறாரா, 'வாயப்பயம்' என்கிறாரா என்பதில் ஒருங்குறிக்கு அக்கறை இல்லை. பெயரிடும் விதிகளும் அப்படித்தான். எழுத்துக்குக் காவல் உண்டு, ஒலிக்கு இல்லை.

எழுத்துக்கு எவ்வளவு காவல் என்பதற்கு நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம். இலங்கையைச் சேர்ந்த மீனியல் ஆய்வாளர் ரோஹன் பெத்தியகொடவும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் தென்னிந்தியாவின் சில கெண்டை மீன்களுக்குப் புதிய பேரினம் ஒன்றை உருவாக்கி, அதற்கு 'திராவிடியா' என்று பெயர் வைத்தார்கள். அதே பெயரை 2010-இலேயே ஒருவர் ஓர் ஈ இனத்துக்குச் சூட்டியிருந்தது பிறகு தெரியவந்தது. விலங்குலகில் ஒரு பேரினப் பெயர் ஒரு முறைதான் செல்லும். ஆகவே 2013-இல் மீன் தன் பெயரை இழந்து 'ஹாலுதாரியா' ஆயிற்று. கங்கை மீன்களைப் பற்றிய 1822-ஆம் வருட நூலுக்குச் சித்திரம் வரைந்த ஹாலுதார் என்ற வங்க ஓவியரின் நினைவாக வைத்த பெயர் அது. இதில் கவனிக்க வேண்டியது, ஓர் எழுத்து மாறியிருந்தால்கூடத் திராவிடியா பிழைத்திருக்கும். பேரினப் பெயர்களில் ஓர் எழுத்து வேறுபாடு போதும், வேறு பெயர் என்று விதி ஏற்றுக்கொள்ளும். ஒலி ஒன்றாகவே இருந்தாலும் பரவாயில்லை!

யாருடைய லத்தீன்?

"விதி இல்லாவிட்டால் என்ன, சரியான லத்தீன் உச்சரிப்பு என்று ஒன்று இருக்குமே" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். லத்தீனைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் இன்று உலகில் எவரும் இல்லை. போய்க் கேட்க ஆள் கிடையாது. இருப்பவை மரபுகள், அவையும் ஒன்றுக்கு மேல்.

கொண்டைக்கடலையை எடுத்துக்கொள்வோம். அதன் பேரினப் பெயர் பழைய ரோமானியர் வைத்திருந்த பெயரேதான். ஆங்கிலேயரின் பழைய மரபில் அது 'சைசர்'. இத்தாலியத் தேவாலய மரபில் 'சிச்செர்'. ரோமானியர் எப்படிப் பேசியிருப்பார்கள் என்று அறிஞர்கள் மீட்டெடுத்த மரபில் 'கிக்கெர்'. (நாவலர் சிசரோவின் குடும்பப் பெயர் இந்தக் கடலையிலிருந்து வந்ததுதான். மீட்டெடுத்த மரபில் அவர் 'கிக்கெரோ'.) இங்கிலாந்துப் பள்ளிகள் 1907 வாக்கில் மீட்டெடுத்த உச்சரிப்புக்கு மாறின. தோட்டக்காரர்கள் மாறவில்லை. விளைவு, இதே லண்டனில் பள்ளியில் லத்தீன் படித்தவரும் பாட்டியிடம் தோட்டம் கற்றவரும் ஒரே செடியை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். இருவருமே அசல் ஆங்கிலேயர்கள்.

இதைவிட வேடிக்கை, ஆட்களின் பெயரால் அமைந்த பெயர்கள். ஃபூக்ஸ் என்ற ஜெர்மானியர் நினைவாக வைத்த பூச்செடியை இங்கே எல்லோரும் 'ஃபியூஷா' என்கிறார்கள். ஃபூக்ஸ் உயிரோடு வந்தால் தன் பெயர் என்று கண்டுபிடிக்க மாட்டார். தால் என்ற சுவீடன்காரரின் பெயரில் உள்ள செடி ஆங்கிலேயர் வாயில் 'டேலியா'. 'டாலியா' என்று சொல்கிற நம்மூர்க்காரர்தான் சுவீடனுக்குப் பக்கத்தில் இருக்கிறார். கினிப்ஹோஃப் என்ற ஜெர்மானியர் பெயரிலுள்ள செடியில் முதல் எழுத்தையே விழுங்கிவிட்டு, 'நிஃபோஃபியா' என்று சிலரும் 'நைஃபோஃபியா' என்று சிலரும் சொல்வார்கள். யாரும் இதற்காக வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இந்தத் துறையில் இங்கிலாந்து போற்றும் பெரியவர் வில்லியம் ஸ்டேர்ன் (1911 - 2001). தாவரவியல் லத்தீனுக்கு அவர் 1966-இல் எழுதிய கையேடுதான் இன்றும் முதலில் புரட்டப்படுவது. கேட்க இதமாக இருந்து, கேட்பவருக்குப் புரிந்தால் போதும், எப்படி உச்சரித்தாலும் பெரிய விஷயமில்லை என்பது அவர் கருத்து. இதைச் சொன்னவர் கல்லூரிப் பக்கம் மாணவராகப் போனவரல்ல என்பது எனக்குப் பிடித்த செய்தி. கேம்பிரிட்ஜில் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்தபடி தானாகவே கற்றுக்கொண்டவர். 1933-இல் லண்டன் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் லிண்ட்லி நூலகத்துக்கு நூலகராக வந்தபோது அவருக்கு வயது 22.

நாக்கை வைத்து ஆளை அளப்பது

ஆனாலும் மௌனமாகிவிடுகிற நம்மவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. உச்சரிப்பை வைத்து ஆளை அடையாளம் காண்பது உலகத்தில் பழைய பழக்கம். அதே கொண்டைக்கடலையை வைத்துச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1282-இல் சிசிலித் தீவு மக்கள் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தபோது, ஆட்களை நிறுத்திக் கொண்டைக்கடலையின் சிசிலிப் பெயரான 'சிச்சிரி'யைச் சொல்லச் சொன்னார்களாம். சரியாக வராதவர் பிரெஞ்சுக்காரர், உயிர் போயிற்று.

இது எங்கோ நடந்த கதை என்று தள்ளிவிட நம்மால் முடியாது. 1983 ஜூலையில் இலங்கையில் கும்பல்கள் பேருந்துகளை மறித்து, வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைப் பயணிகளைச் சொல்லவைத்தன. சொல்லின் முதலில் வரும் அந்த அதிர்வுள்ள 'ப' தமிழ் நாக்குக்கு எளிதில் வராது. வராதவர்கள் கொல்லப்பட்டார்கள். லண்டனில் வாழும் தமிழரில் பலர் அந்த ஆண்டுக்குப் பிறகு வந்து சேர்ந்தவர்கள். தோட்டக் கூட்டத்தில் யாரும் யாரையும் எதுவும் செய்யப்போவதில்லைதான். ஆனாலும் ஒரு சொல்லைச் சொல்லவைத்து முகத்தைப் பார்க்கிற கணம் சிலருக்கு என்னவாக இருக்கும் என்பதை யோசிக்காமல் "சும்மா சொல்லுங்க அங்கிள்" என்று தட்டிக்கொடுத்துவிட முடியாது. அந்தச் சோதனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இங்கே தேர்வு வைக்கவே யாருக்கும் அதிகாரமில்லை என்பதைக் காரணத்தோடு சொல்லத்தான் இவ்வளவும்.

லத்தீன் வேடத்தில் நம் சொற்கள்

பிக்காடிலியில் பர்லிங்டன் மாளிகையில் லின்னேயன் சங்கம் இருக்கிறது. இரண்டு சொல் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன்காரர் லின்னேயஸின் நூல்களும் உலர்செடித் தொகுப்பும் அங்கேதான் உள்ளன. ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்ற இளைஞர் 1784-இல் லின்னேயஸின் மனைவியிடமிருந்து விலைக்கு வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தார்; 1788-இல் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கத்தின் பெயரையே 'லின்னீயன்' என்பாரும் உண்டு, 'லின்னேயன்' என்பாரும் உண்டு.

லின்னேயஸ் கறாரான ஆள். கிரேக்கத்திலோ லத்தீனிலோ வேர் இல்லாத பேரினப் பெயர்களைத் தள்ளிவிட வேண்டும் என்று 1751-இல் எழுதிய நூலில் விதி செய்தார். ஆனால் அவர் பெயரே அந்த விதிக்கு அடங்காது. அவருடைய அப்பா, குடும்ப நிலத்தில் நின்ற ஒரு பெரிய லிண்டன் மரத்தின் வட்டாரச் சுவீடன் பெயரை எடுத்து, லத்தீன் வால் ஒட்டி வைத்துக்கொண்ட பெயர்தான் லின்னேயஸ்.

1753-இல் அவர் வெளியிட்ட தாவரப் பட்டியலிலும் விதி நழுவுகிறது. மாமரத்துக்கு அவர் ஏற்ற பெயர் 'மாங்கிஃபெரா இண்டிகா'. 'ஃபெரா' என்றால் தாங்குவது, தருவது. முன்பாதி தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான மாங்காய்தான், போர்ச்சுக்கீசியர் வழியாகப் போனது. இந்தியாவின் மாங்காய் தரும் மரம்! ஆங்கிலேயர் இதை 'மாஞ்சிஃபெரா' என்பார்கள். நாம் இயல்பாகச் சொல்லும் 'மாங்கி' மீட்டெடுத்த லத்தீனுக்கும் நெருக்கம், மூலச் சொல்லுக்கும் நெருக்கம்.

முருங்கையை அதே பட்டியலில் வேறொரு பேரினத்தில் வைத்து, 'மொரிங்கா' என்பதைச் சிற்றினப் பெயராக மட்டும் விட்டார். வட்டாரப் பெயர்களில் பிரியம் கொண்ட பிரெஞ்சுக்காரர் அடான்சன் 1763-இல் அதைப் பேரினப் பெயராகவே உயர்த்தினார். 1785-இல் லாமார்க் 'ஒலெயிஃபெரா', அதாவது எண்ணெய் தருவது, என்று சேர்த்தார். இன்று ஆரோக்கியக் கடைகளில் பொடியாக விற்கும் 'மொரிங்கா' நம் கொல்லைப்புற முருங்கைதான். புங்கம் அடான்சனிடம் 'பொங்கம்' என்றே இருந்தது. பின்னால் வந்தவர்கள் வால் ஒட்டி 'பொங்கேமியா' ஆக்கினார்கள்.

வெற்றிலை இன்னும் அழகு. அதன் பெயர் 'பிப்பெர் பெட்லே'. பின்பாதி வெற்றிலை, முன்பாதி திப்பிலியைக் குறிக்கும் பிப்பலி என்ற இந்தியச் சொல், கிரேக்கம் போய், லத்தீன் போய் மிளகுக்கு ஆகிவந்தது. இரண்டு சொல்லுமே இங்கிருந்து போனவை. ஆங்கிலேயர் 'பைப்பர் பீட்டல்' என்று முடித்துவிடுவார்கள். லத்தீனில் கடைசி உயிரெழுத்து ஊமையாகாது என்பதால் 'பெட்லே' என்பதே பொருத்தம்.

ஆடாதோடைக்கு வருவோம். பவுல் ஹெர்மன் என்ற மருத்துவர் 1670களில் இலங்கையில் சேர்த்த உலர்செடிகளை வைத்து லின்னேயஸ் 1747-இல் இலங்கைத் தாவரங்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்தத் தொகுப்பு இன்று சவுத் கென்சிங்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆடாதோடையின் பெயர் 1753 பட்டியலில் 'ஜஸ்டிசியா அதாதோடா' என்று ஏறியது. லத்தீன் எழுத்தில் அதைப் பார்த்தால் நம் முதல் 'ட' ஒரு விதமாகவும், இரண்டாவது 'ட' வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். நடுவில் உள்ள 'தோ' இருவருக்கும் பொதுவான குழப்பம். எழுதியவர் காதில் ட-வும் த-வும் பிரிந்து விழவில்லை என்பது எழுத்திலேயே பதிவாகிவிட்டது. அந்தச் சொல்லை ஒலி பிசகாமல் சொல்லத் தெரிந்தவர் அறையில் ஒருவர் உண்டென்றால் அவர் தமிழர்தான். அவரே விரலால் காட்டிவிட்டு நின்றால் எப்படி?

உண்மையான தடை

உச்சரிப்பில் சட்டம் இல்லை என்றேன். ஆனால் புரியவேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. நாம் சொல்வது இங்கே சில சமயம் புரியாமல் போவதற்குக் காரணம் உயிரெழுத்தோ மெய்யெழுத்தோ அல்ல. அழுத்தம்தான். தமிழில் சொல்லின் ஏதோ ஓர் அசையை மட்டும் குத்தி உயர்த்தும் பழக்கம் கிடையாது. ஆங்கிலக் காது அந்த உயரத்தை வைத்துத்தான் சொல்லைப் பிடிக்கிறது. எல்லா அசைக்கும் சம மரியாதை கொடுத்து 'ஒ-லெ-யி-ஃபெ-ரா' என்றால் அவருக்குப் பிடி கிடைப்பதில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், லத்தீன் அழுத்த விதி நம் இலக்கணப் புத்தகத்தில் இருந்து எடுத்தது போல இருக்கும். கடைசிக்கு முந்தைய அசையைப் பாருங்கள். அது நெடிலாகவோ ஒற்றடுத்த குறிலாகவோ இருந்தால் அழுத்தம் அங்கே. வெறும் குறிலாக இருந்தால் அதற்கு முந்தைய அசைக்குப் போய்விடும். இரண்டே அசை உள்ள சொல்லில் முதல் அசைக்கு. அவ்வளவுதான். பள்ளியில் அலகிட்டு வாய்பாடு சொன்னவர்களுக்கு இது ஒரு நிமிட வேலை.

மொரிங்கா: கடைசிக்கு முந்தையது 'ரிங்', ஒற்றடுத்த குறில். ஆகவே அழுத்தம் 'ரிங்'கில். மாங்கிஃபெரா: 'ஃபெ' வெறும் குறில். ஆகவே அழுத்தம் 'ங்கி'யில். ஒலெயிஃபெராவில் அதே காரணத்தால் 'யி'யில். செங்காந்தளின் பெயர் 'குளோரியோசா சுபெர்பா': முதல் சொல்லில் 'யோ' நெடில், இரண்டாவதில் 'பெர்' ஒற்றடுத்தது, அழுத்தம் அங்கங்கே. எது நெடில் என்று லத்தீன் எழுத்தில் தெரியாதே என்றால், உண்மைதான். ஆனால் அடிக்கடி வரும் விகுதிகள் கொஞ்சம்தான். 'ஓசா', 'ஆனா' என முடிவன நெடில். 'இக்கா', 'ஃபெரா' என முடிவன குறில். இவற்றைத் தெரிந்துகொண்டாலே பெரும்பாலான பெயர்கள் வசப்படும். இங்கே தோட்டக்காரர்களுக்குள் ஓயாத சண்டையாக இருக்கும் 'கிளெமாட்டிஸ்' என்ற கொடியில்கூட, நடு அசை மூலத்தில் குறில் என்பதால் முதல் அசையை அழுத்துபவர் பக்கம்தான் விதி நிற்கிறது.

ஆட்களின் பெயர்களில் மட்டும் விதி தடுமாறும். கறிவேப்பிலை 'முர்ராயா கோனிகியி'. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் மருத்துவராக இருந்த, லின்னேயஸின் மாணவர் கோனிக் நினைவாக வந்தது. லத்தீன் விதிப்படி 'னி'யை அழுத்தவேண்டும். ஜெர்மானியர் பெயர் என்று பார்த்தால் 'கோ'வை. கடைசி இரண்டு எழுத்துகளை இங்கே 'இ-ஐ' என்பார்கள், ஐரோப்பாக் கண்டத்தில் 'இ-இ' என்பார்கள். எதைச் சொன்னாலும் ரசத்தில் மணம் ஒன்றுதான்.

எங்கே கவனம் வேண்டும்?

உச்சரிப்பில் தாராளமாக இருக்கலாம். ஆனால் பெயர் எது என்பதில் இருக்கக்கூடாது. லண்டனில் வேலியோரமும் காய்கறிப் பாத்தியிலும் தானாக முளைக்கும் ஒரு களையைப் பார்த்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் மலர்ந்துபோவார்கள். மணத்தக்காளி! பக்கத்து ஆங்கிலேயர் பதறுவார். அவருக்கு அது 'நைட்ஷேட்', விஷம். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 'நைட்ஷேட்' என்ற ஆங்கிலப் பெயரை இங்கே குறைந்தது மூன்று செடிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. 'சொலானம் நைக்ரம்' நம் மணத்தக்காளிக் கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் காயில் நச்சு உண்டு. 'சொலானம் டல்கமாரா' உண்ணத்தக்கதல்ல. 'அட்ரோப்பா பெல்லடோனா' ஆளைக் கொல்லும். தமிழில் மணத்தக்காளி என்று வழங்குவதும் ஒரே இனமல்ல, நெருங்கிய சில இனங்கள். வேலியில் பறித்ததைக் குழம்பில் போடும் முன் எது எது என்று தெரிந்தாக வேண்டும். அதை இரண்டு மொழிக்காரரும் பேசித் தீர்க்க அந்த லத்தீன் பெயர்கள்தான் ஒரே வழி. 'நைக்ரம்' என்றாலும் 'நிக்ரும்' என்றாலும் ஆள் பிழைப்பார். கேட்கக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டால்தான் ஆபத்து.

ஆகவே நான் நண்பர்களிடம் சொல்வது இவ்வளவுதான். பெயரின் எழுத்துகளைச் சரியாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமென்றால் எழுதிக் காட்டுங்கள், இங்கே அதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. எல்லா உயிரெழுத்தையும் ஒலியுங்கள். அழுத்தத்தை அலகிட்டுப் பாருங்கள். எதிரில் இருப்பவர் வேறு மாதிரிச் சொன்னால் திருத்தவும் வேண்டாம், திருந்தவும் வேண்டாம். பெயர் நம் மொழியிலிருந்து போனதென்றால், அதன் அசல் ஒலியை ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்.

கடைசியாகச் சொன்னதற்குத் தேவை கூடிக்கொண்டே வருகிறது. லண்டன் மீன் கடைகளில் சிவப்புக் கோடு போட்ட ஓர் அழகான கெண்டை விற்கும்; 'மிஸ் கேரளா' என்று செல்லப் பெயர். 1861 முதல் 1866 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த டெனிசன் பெயரை அதற்கு 1865-இல் ஃபிரான்சிஸ் டே சூட்டினார். 2013-இல் அதன் பேரினம் 'சஹ்யாத்ரியா' ஆயிற்று, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெயரால். 'டெனிசனியி'யைச் சுலபமாகச் சொல்லும் மீன் பிரியர்கள் 'சஹ்யாத்ரியா'வில் வந்து தடுக்கி நிற்கிறார்கள். நான் பார்த்தவரை அவர்கள் வெட்கப்படுவதில்லை. பக்கத்தில் நிற்கும் நம்மவரைத் திரும்பிப் பார்த்து, "இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்கிறார்கள்.